பட்டறை முதலாளிகள் திரும்பத் திரும்பக் கேட்பவை: தொழிலகப் பாதுகாப்பு குறித்துச் சில பதில்கள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் உள்ள சின்னப் பட்டறைகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பதும், அதற்கான பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவதும் என் வேலை. லேத், மில்லிங், தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ், வெல்டிங் என்று பெரும்பாலும் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகங்கள் செய்து கொடுப்பது) செய்யும் இடங்கள். போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. டீக்கடையில் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலோடு இங்கே வைத்திருக்கிறேன்.

"ஏனுங்க, எங்க பட்டறை சின்னது, எட்டுப் பேர்தான். எங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் வருமா?"

பழைய, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கணக்கு இது (புதுக் கணக்கு அடுத்த பதிலில்): மின்சாரத்தில் இயந்திரம் ஓடினால் 10 பேர், மின்சாரம் இல்லாமல் வேலை நடந்தால் 20 பேர். கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் அந்த எண்ணிக்கை வந்திருந்தால் போதும், பட்டறை 'தொழிற்சாலை' ஆகிவிடும். தீபாவளி ஆர்டருக்காக ஒரு வாரம் மூன்று பேரைக் கூடுதலாகக் கூப்பிட்டிருந்தால் அந்த ஒரு வாரமே உங்களை உள்ளே இழுத்துவிடும்.

இதற்குக் கீழே இருந்தாலும் முழுக்க வெளியே என்று சொல்ல முடியாது. 85-ஆவது பிரிவின்படி ஆள் குறைவான இடங்களுக்கும் சட்டத்தைப் பொருத்தி மாநில அரசு அறிவிக்கலாம். வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்போ ஒரே ஒரு ஆள் இருந்தாலும் உண்டு. பவர் பிரஸ்ஸும் எட்டுப் பேரா பத்துப் பேரா என்று பார்த்து இறங்குவதில்லை.

"புதுச் சட்டத்துல 20 பேர்னு ஆக்கிட்டாங்களாமே? அப்ப நாங்க தப்பிச்சோம்தானே?"

பாதிதான் உண்மை. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புகளுடன் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் 'தொழிற்சாலை' என்பதற்கான எண்ணிக்கை மின்சாரம் இருந்தால் 20, இல்லாவிட்டால் 40 என்று உயர்ந்திருக்கிறது. ஆனால் அதே தொகுப்பில் 10 பேர் வேலை செய்யும் எந்த இடமும் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வருகிறது. முதலாளியின் அடிப்படைக் கடமைகள், நியமனக் கடிதம் கொடுப்பது உட்பட, நிறுவனத்துக்கும் உண்டு. ஆபத்தான வேலை என்றால் ஒரு ஆள் இருக்கும் இடத்துக்கும் அறிவிக்கை மூலம் நீட்டிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது.

மாறுதல் காலத்தில் பழைய சட்டங்களின் தொடர்புடைய பகுதிகளும் விதிகளும் தொடரும் என்று ஒன்றிய அரசே சொல்லியிருப்பதால், கீழே பழைய அளவுகளையும் சேர்த்தே சொல்கிறேன். என் கருத்தைக் கேட்டால், 12 பேர் இருக்கிற பட்டறை "நான் இப்போது தொழிற்சாலை இல்லை" என்று கோப்பை மூடி வைப்பது அவசரப் புத்தி.

"தலை எண்ணும்போது யாரையெல்லாம் சேர்க்கோணும்? மச்சான் சும்மா ஒத்தாசைக்கு வர்றாரு. அவரையுமா?"

அவரையும்தான். 'தொழிலாளர்' என்ற வரையறையில் கூலி வாங்குகிறவர், வாங்காதவர் என்ற பேதம் இல்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆளும் கணக்கில் வருவார், அவர் வருவது உங்களுக்குத் தெரியாது என்றாலும்கூட. இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் இரண்டையும் கூட்ட வேண்டும். பகலில் ஆறு, இரவில் ஐந்து என்றால் பதினொன்று.

அப்ரண்டிஸ் பையன்களின் நிலைமை வேறு. ஆனால் பாதுகாப்பு, சுகாதாரம், நலன் பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் பொருந்தும் என்று அப்ரண்டிஸ் சட்டமே சொல்கிறது. ஒரே கூரைக்கு நடுவில் பிளைவுட் அடித்து, அந்தப் பக்கம் மனைவி பெயரில் ஒரு கம்பெனி, இந்தப் பக்கம் தன் பெயரில் ஒரு கம்பெனி என்று வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸர் ஒன்று, வருகைப் பதிவேடு ஒன்று, டீ வாங்கி வரும் பையனும் ஒருவனே. ஆய்வாளருக்கு அது புரிய ஐந்து நிமிடம் போதும்.

"சரி, செய்யலாம். கையில பத்தாயிரம் ரூபாதான் இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் எதுவும் இல்லாமல் ஒருமுறை பட்டறையைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் நின்று, "இது கையைப் பிடித்தால் எங்கே பிடிக்கும்?" என்று மட்டும் பாருங்கள். பெல்ட்டும் புல்லியும் சேரும் இடம், கியர், வேலைப் பாகத்தைப் பிடித்துச் சுற்றும் சக், கிரைண்டிங் கல், பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் டை. முதல் பணம் அங்கேதான் போக வேண்டும். பெல்ட்டுக்கு வலைக்கம்பி மூடி அடிக்க உங்கள் பட்டறையிலேயே தகடும் வெல்டரும் இருக்கிறார்கள்.

நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் மஞ்சள் பெயின்ட், பிறகு "பாதுகாப்பே முதல்" என்று பலகை, பிறகு பத்து ஹெல்மெட். மேலே கிரேனோ, உயரத்தில் வேலையோ இல்லாத லேத் பட்டறையில் ஹெல்மெட் எதற்கு? அந்தக் காசில் ஆளுக்கு ஒரு நல்ல கண்ணாடி வாங்கலாம். தெறிக்கும் பிசிறு கண்ணைத்தான் தேடி வரும்.

"பவர் பிரஸ்ஸுக்கு சென்சார் மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுல்ல?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் இருப்பவை பெரும்பாலும் சாவி கிளட்ச் போட்ட பழைய சி-டைப் பிரஸ்கள். பெடலை மிதித்ததும் சாவி, சுழன்றுகொண்டே இருக்கும் கனச் சக்கரமான ஃப்ளைவீலோடு மாட்டிக்கொள்ளும். மாட்டிய பிறகு ராம் (டை மேல் இறங்கி அடிக்கும் பாகம்) ஒரு முழுச் சுற்றைக் கீழே போய் மேலே வந்துதான் முடிக்கும். நடுவில் நிறுத்த வழியே இல்லை. லைட் கர்ட்டன் சென்சார், கை குறுக்கே வந்ததும் "நிறுத்து" என்று சொல்லும். சொல்வதைக் கேட்க இந்த பிரஸ்ஸுக்குக் காது கிடையாது. நியூமேட்டிக் கிளட்ச்சும் பிரேக்கும் உள்ள பிரஸ் என்றால் சென்சார் அருமையான ஏற்பாடு. சாவி கிளட்ச்சில் அதை மாட்டுவது, மாட்டாமல் இருப்பதைவிட மோசம். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி ஆள் கையைத் தைரியமாக உள்ளே விடுவார்.

சாவி கிளட்ச்சுக்கு ஏற்றது டையைச் சுற்றி நிலையான கூண்டு. தகடு உள்ளே போகும் இடைவெளி மட்டும் விட வேண்டும். அந்த இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் நுழையாது. கையால் பாகத்தை வைத்து எடுக்கும் வேலை என்றால் இடுக்கியோ காந்தக் கோலோ கொடுங்கள். இரண்டு கை பொத்தான் வைப்பதாக இருந்தால், கையை எடுத்து டைக்குள் கொண்டுபோக ஆகும் நேரத்துக்குள் ராம் கீழே வந்துவிடும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். பெடலுக்கு மேலே மூடி வேண்டும். மேலிருந்து ஒரு ஜாப் (வேலைப் பாகம்) நழுவி பெடல் மேல் விழுந்தாலே போதும், ராம் இறங்கிவிடும்.

இன்னொன்று, ஆபரேட்டர்கள் 'டபுள் அடி' என்பார்கள். ஒரு மிதிக்கு ராம் இரண்டு முறை இறங்கிவிடுவது. சாவி தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் ஓய்ந்திருக்கும். "எப்பவாவதுதான் சார் அப்படி அடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவரின் வலது கையில் ஏற்கெனவே ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. டபுள் அடி ஒருமுறை வந்தாலும் அந்த பிரஸ்ஸை அன்றே நிறுத்தி, கிளட்ச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"லேத்துல கையுறை போடச் சொல்றோம், பசங்க கேக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?"

இந்த விஷயத்தில் பசங்கள் சரி, நீங்கள்தான் தவறு. சுற்றும் சக், டிரில், ஸ்பிண்டில் பக்கம் கையுறை ஆகவே ஆகாது. கையுறையின் நுனியைப் பிடித்தால் கையோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். தொளதொள சட்டை, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு எல்லாம் இதே கதை. கையுறையை ஜாப் தூக்கும்போதும் பிசிறு அள்ளும்போதும் போடட்டும். சுருள் பிசிறை இழுக்கக் கொக்கி போட்ட கம்பி கொடுங்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடும் பழக்கம் இருந்தால், ஸ்பிரிங் வைத்த சாவி வாங்குங்கள். கையை எடுத்ததும் அதுவே வெளியே வந்து விழும்.

கிரைண்டிங் கல்லுக்கும் ஜாப் வைக்கும் தாங்கிக்கும் நடுவே இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கல் தேயத் தேயத் தாங்கியை நகர்த்த வேண்டும். புதுக் கல் மாட்டுமுன் விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விழுந்த கல் 'டொக்' என்கும். மண்பானை வாங்கத் தெரிந்தவருக்கு இது தெரியும்.

"தீயணைப்பான் ரெண்டு மாட்டியிருக்கோம். போதுங்களா?"

எது எதற்கு என்று தெரிந்தால் போதும். கரண்ட் பேனல் பக்கம் கார்பன் டை ஆக்சைடு, மற்ற இடங்களுக்கு ஏ.பி.சி. பவுடர். பவுடர் தீயணைப்பானின் அழுத்த முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். எந்தத் தீயணைப்பானுக்கு முன்னாலும் ஸ்கிராப் மூட்டை அடுக்காதீர்கள்.

"கரண்ட் விஷயத்துல நாங்க ஜாக்கிரதைங்க. எர்த் போட்டிருக்கோம். அதுக்கு மேல என்ன?"

கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர், டிரில் எல்லாம் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 மில்லி ஆம்பியரில் விழுவது தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றாது. அதன் மேலேயே சோதனைப் பொத்தான் இருக்கிறது, அழுத்திப் பார்க்க எலக்ட்ரீசியன் தேவையில்லை. வெல்டிங் ரிட்டர்ன் கேபிளுக்குப் பதிலாக ஒரு கம்பித் துண்டைப் போட்டு ஷெட் தூணில் மாட்டி வைத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா என்ன கேப்பாரு?"

தமிழ்நாட்டில் இது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. கட்டட வரைபட ஒப்புதல், பதிவு, வருகைப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, முதலுதவிப் பெட்டி (150 பேருக்கு ஒன்று வீதம்), இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். சின்னப் பட்டறைகள் கோட்டை விடுவது சோதனைச் சான்றிதழ்களில். செயின் பிளாக், கிரேன், சங்கிலி, கயிறு போன்றவற்றைத் தகுதி பெற்ற நபர் 12 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதித்திருக்க வேண்டும். கம்ப்ரஸரின் காற்றுத் தொட்டியும் அழுத்தக் கலம்தான், அதற்கும் சான்று தேவை. தினமும் அதன் அடியில் உள்ள தண்ணீரைத் திறந்துவிடுவதற்குச் சான்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் தொட்டி உள்ளே துருப்பிடிப்பது அந்தத் தண்ணீரால்தான்.

"வேலைக்குச் சேரும்போதே 'என்ன ஆனாலும் நானே பொறுப்பு'ன்னு எழுதி வாங்கிட்டோம். அது செல்லுமா?"

செல்லாது. பழைய, 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கியது; அதன் இடத்தில் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே நிலைதான். முத்திரைத்தாளில் எழுதினாலும் அதே கதிதான்.

கூடவே வரும் கேள்வி: "பாதுகாப்புச் சாதனம் கொடுத்தோம், அவன்தான் போடலை." தெரிந்தே கழற்றிப் போட்டார், குடித்திருந்தார் என்பதெல்லாம் சின்னக் காயத்தில் முதலாளி வாதாடக்கூடிய விஷயங்கள். உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ அந்த வாதமும் எடுபடாது.

"இழப்பீடுன்னா எவ்வளவு வரும்? ஒரு கணக்குச் சொல்லுங்க."

இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) இல்லாத பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 40 வயது ஆபரேட்டர், மாதக் கூலி 18,000 ரூபாய், கட்டைவிரல் போய்விட்டது. பழைய சட்டத்தின்படி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அதிகபட்சக் கூலி 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 40 வயதுக்கான பெருக்கெண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை சொல்லும் ஊனம் 30 சதவீதம். ஆக 4,97,259 ரூபாய். ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் தண்டத்தொகையும் விழலாம்.

மேலே சொன்ன கூண்டுக்கு ஆகும் செலவை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இதே அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம், ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50 சதவீதம். விரலுக்கு விரல் விலை எழுதி வைத்திருக்கும் அந்தப் பக்கத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"எங்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்கே?"

நல்லது. 10 பேர் இருந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு அது கட்டாயம். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் காலத்துக்குக் கூலியில் சுமார் 90 சதவீதம் வரும், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் தொகை வரும். அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின்படி உங்களிடம் தனியாகக் கேட்க முடியாது.

ஆனால் "ஆறு மாசம் நிப்பானான்னு பாத்துட்டுச் சேர்க்கலாம்" என்ற வழக்கம் இருக்கிறதே, அதுதான் குழி. சேர்ந்த முதல் வாரத்தில்தான் புது ஆளுக்கு இயந்திரம் பழக்கமில்லை. விபத்து நடந்த அன்று மாலை அவசரமாகப் பெயரைப் பதிவு செய்தால் விசாரணை வரும், வரவும் வேண்டும். சந்தா கட்டாமல் விட்டிருந்தால் இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்ததை உங்களிடமிருந்தே வசூலிக்கலாம்.

"விபத்து நடந்துபோச்சு. சொல்லாம விட்டா என்ன? நாங்களே தனியார் ஆஸ்பத்திரியில பாத்துக்கறோம்."

முதலில் ஆளைப் பாருங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் இருக்கும் இன்னொரு பையில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. மஞ்சள் தூளும் காபித் தூளும் கிட்டவே வரக் கூடாது. ஒருமுறை விரலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வந்தார்கள். உள்ளே பீடித்தூளும் இருந்தது.

அடுத்தது அறிவிப்பு. மரணம் என்றாலோ, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றாலோ ஆய்வாளருக்குத் தெரிவிப்பது கட்டாயம். இ.எஸ்.ஐ. இருந்தால் அங்கும் விபத்து அறிக்கை போக வேண்டும். மறைத்தால், பிற்பாடு அந்த ஆள் வழக்குப் போடும்போது விபத்தோடு மறைத்த குற்றமும் சேரும். புதிய தொகுப்பில் கடமை தவறியதால் உயிர் போயிருந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம்.

"மேனேஜர் பேர்ல எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டா நமக்குத் தொந்தரவு இல்லைதானே?"

கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவர்தான் 'உரிமைப் பொறுப்பாளர்' (சட்டத்தின் முன் தொழிற்சாலைக்குப் பொறுப்பேற்பவர்) ஆக முடியும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. கூட்டு நிறுவனம் என்றால் கூட்டாளிகளில் ஒருவர். மேனேஜருக்கு அவருடைய பொறுப்பு தனியாக உண்டு. உங்களுடையது அவருக்கு மாறாது. உரிய அக்கறை எல்லாம் எடுத்தேன், தவறு இன்னாருடையது என்று நிரூபித்தால் விடுபட வழி உண்டு. அந்த நிரூபணத்துக்குப் பயிற்சிப் பதிவு, சோதனைச் சான்று, பழுது நீக்கிய பில் எல்லாம் வேண்டும்.

"எங்க ஆளுங்க முக்கால்வாசி ஒடிசா, பீகார். தமிழ்ல ஒட்டின நோட்டீஸ் போதுமா?"

சட்டச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்கிறது பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. பெரும்பான்மை ஒடியா பேசுபவர்கள் என்றால் தமிழ் நோட்டீஸ் சுவருக்குத்தான் பயன்படும்.

நோட்டீஸை விடுங்கள். "நிறுத்து", "கையை எடு", "கரண்ட் போடாதே" இந்த மூன்றையும் உங்கள் மேஸ்திரி அவர்கள் மொழியில் கத்தத் தெரிந்து வைத்திருக்கட்டும். கூட்டத்தில் தலையாட்டினார்கள் என்பதற்காகப் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளை மெஷின் முன் நிறுத்தி, அவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வயதுச் சான்றும் பாருங்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது, 18 வரை ஆபத்தான வேலைக்கு எடுக்கக் கூடாது. "அண்ணன்கூட வந்த தம்பி" என்பது பதில் ஆகாது.

"ஆலோசகர் வெச்சுக்கோணுமா? ஒருத்தர் மொத்த ஃபைலும் ரெடியா தர்றேங்கறாரு."

பாதுகாப்பு அலுவலர் என்று தனியாக ஒருவரை நியமிப்பது பழைய சட்டத்தில் 1,000 பேர், புதிய தொகுப்பில் 500 பேர் உள்ள தொழிற்சாலைகளுக்கு. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வரைபடம், பதிவு, முதல் தடவை பதிவேடுகள் அமைப்பது இவற்றுக்கு ஆள் வைப்பது நியாயம். சென்னை தரமணியில் ஒன்றிய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் பயிற்சிகள் நடத்துகிறது. உங்கள் தொழில் சங்கத்தில் பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் ஒரே ஆளைக் கூப்பிட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பட்டறைக்குள் கால் வைக்காமலே ஃபைல் தருகிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். அப்படி வாங்கிய ஒரு ஃபைலைப் பிரித்தேன். பவர் பிரஸ் பட்டறையின் ஆபத்து மதிப்பீட்டில் 'சாயத் தொட்டிக்குள் இறங்கும்போது' என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறை யாருக்கோ செய்தது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள், அதிலும் இரண்டு இடத்தில் மாற்ற மறந்திருந்தார்கள்.

"பெரிய கம்பெனி ஆடிட்டுக்கு வர்றாங்க, அடுத்த வாரம். மூணு வருச ரெக்கார்டு கேக்கறாங்க. எழுதிடலாமா?"

எழுதாதீர்கள். மூன்று வருடப் பதிவேட்டை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், டீக்கறைகூட இல்லாமல் பார்த்தால் ஆடிட்டருக்குத் தெரியாதா? பயிற்சி நடந்த நாள் என்று எழுதிய தேதி ஆடிப்பெருக்கு விடுமுறையாக இருந்து மாட்டிக்கொண்டவர் உண்டு.

இருப்பதைக் காட்டுங்கள். "போன வருடம் வரை பதிவேடு வைக்கவில்லை, இந்த மாதம் முதல் வைக்கிறோம், பிரஸ் நான்கில் இரண்டுக்குக் கூண்டு போட்டாயிற்று, மீதி இரண்டு தை மாதத்துக்குள்" என்று தேதி போட்டு ஒரு தாளில் கொடுங்கள். கூண்டு போடாத அந்த இரண்டு பிரஸ்ஸையும் அதுவரை ஓட்டாமல், மெயின் சுவிட்சில் பூட்டுப் போட்டு வையுங்கள். பூட்டின் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.